காவிரிப் படித்துறையில் எறியப்பட்ட கல்

காவிரிக் கரையில் ஒருவர் யாழோடு நிற்கிறார். எதிரே ஸ்ரீரங்கம். உறையூர்க்காரர், பாணர் குடியில் வளர்ந்தவர். கோயில் இருக்கும் தீவில் தன் கால் படக்கூடாது என்ற கட்டுப்பாட்டை ஏற்று, இக்கரையில் நின்றே பாடுகிறார். அப்போது பெருமாளின் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்க லோகசாரங்கர் குடத்தோடு வருகிறார். "விலகு" என்கிறார். பாட்டில் மூழ்கியிருந்தவருக்குக் கேட்கவில்லை. கல்லை எடுத்து எறிகிறார். பாணரின் நெற்றியில் ரத்தம் வழிகிறது.

மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும். அரங்கனுக்கே பொறுக்காமல், "அவரைத் தோளில் சுமந்து வா" என்று லோகசாரங்கருக்குக் கட்டளையிட்டதாகவும், பாணர் கருவறைக்குள் போய்ப் பத்துப் பாசுரங்கள் பாடி இறைவனோடு கலந்துவிட்டதாகவும் வைணவ மரபு சொல்கிறது. அவர்தான் திருப்பாணாழ்வார். முனிவர் சுமந்ததால் 'முனிவாகனர்' என்றும் பெயர். வைணவத்தில் சாதி இல்லை என்று சொல்ல நினைப்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தக் கதையைத்தான்.

நான் இந்தக் கதையை நடுவில் நிறுத்திப் பார்க்கிறேன். கல்லை எறிந்தது எதற்காக? தண்ணீருக்காக. அந்த மனிதர் அங்கே நின்றால் எடுக்கும் தண்ணீர் கெட்டுவிடும் என்பதற்காக. ஆற்றில் என்ன மிதக்கிறது, மேற்கே யார் மாடு குளிப்பாட்டுகிறார்கள், யார் வெளிக்குப் போகிறார்கள் என்று குடம் கொண்டுவந்தவர் பார்த்ததாகக் கதையில் இல்லை. கரையில் நிற்பவர் யார் என்றுதான் பார்த்தார். இன்னொன்றும் உண்டு. பாணர் ஒருவர் உள்ளே போனார், ஆனால் திரும்பி வரவில்லை. மறுநாள் காலை அந்தப் படித்துறையில் மற்ற பாணர்கள் நிற்க முடிந்ததா என்று கதை சொல்லவில்லை.

இது நடந்ததா, புனைவா என்பது இங்கே முக்கியமில்லை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் தண்ணீருக்கு எழுதப்பட்ட முதல் 'சுகாதார விதி' இந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்த விதி நூற்றாண்டுகள் தாண்டி எப்படி உருமாறி வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது. தீட்டு வேறு, அழுக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் நம் மக்களும் கெட்டார்கள், ஆறும் கெட்டது.

மடையைத் திறந்த கை

திருச்சி நகரத்துக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலை இன்றைய தலைமுறை சாக்கடை என்றே நினைக்கிறது. பேட்டைவாய்த்தலை அருகே காவிரியிலிருந்து பிரிந்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடியும் சோழர் காலக் கால்வாய் அது. முதலாம் இராசராசனின் பட்டப்பெயர்களில் ஒன்று உய்யக்கொண்டான். ஆயிரம் ஆண்டுகளாக வயலுக்குத் தண்ணீர் தந்த வாய்க்கால்.

அதே இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகளைப் படித்தால், ஊர்களின் நிலக்கணக்கில் வரி நீக்கிய இடங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அதில் உண்டு. நிலத்தை அளந்து, நீரை அளந்து, கூடவே மனிதரையும் பிரித்து எழுதிவைத்த ஆட்சி அது. 'சோழர் நீர் மேலாண்மை' என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த நீரை நடத்தியது யார்? நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி, மடையர் என்று ஊருக்கு ஒரு பெயர். ஏரி மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிடுவது, வெள்ள காலத்தில் இரவெல்லாம் கரையைக் காப்பது ஆகியவை அவர்கள் வேலை. பல ஊர்களில் இதைப் பரம்பரையாகச் செய்தவர்கள் பள்ளர், பறையர் குடும்பத்தார். மடை அடைத்துக்கொண்டால் ஏரிக்குள் முங்கிப் போய் எடுத்துவிட்டவர்களும், அதில் செத்தவர்களும் இவர்களே. ஊர் வயல் முழுவதற்கும் நீர் விட்ட அந்தக் கை, ஊர்க் கிணற்றின் வாளிக் கயிற்றைத் தொடக்கூடாது. சேற்றில் தொட்ட தண்ணீருக்குத் தீட்டு இல்லை, அதில் விளைந்த நெல்லுக்கும் தீட்டு இல்லை. குடத்துத் தண்ணீருக்கு மட்டும் எங்கிருந்து தீட்டு வந்தது?

என் அப்பாயி கொள்ளிடத்துக்கு வடகரையில் ஒரு ஊரில் பிறந்தவர். ஊர்க் கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு நிற்பார்களாம். யாராவது மனது வைத்து எட்ட நின்று ஊற்றினால் உண்டு. அறுவடை வேலை இருக்கும் காலத்தில் மனது சீக்கிரம் வரும், கூலி கேட்ட வருடத்தில் வராது என்று சொல்லிச் சிரிப்பார். கோடையில் கிணற்றை நம்பாமல் ஆற்றுக்குப் போய்விடுவார்கள். மணலில் ஊற்று தோண்டி, முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டு, தெளிந்ததும் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் நிரப்புவார்கள். "அந்தத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்டா, ஊர்க்காரன் கிணத்துத் தண்ணி கால் தூசி பெறாது" என்பார்.

அப்பாயி சொன்னதில் அறிவியல் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கிருமிக்குச் சாதி தெரியாது

19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி என்றாலே கிராமங்கள் காலியாகும். ஸ்ரீரங்கம் போன்ற தலங்களின் பெருந்திருவிழாக்கள் ஆங்கிலேய சுகாதார அதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் வரும் தலைவலி. பல்லாயிரம் பேர் ஒரே ஆற்றில் குளித்து, அதே கரையில் மலம் கழித்து, அதே நீரைக் குடித்து, நோயோடு ஊர் திரும்பினார்கள். குடிப்பவரின் கோத்திரத்தைப் பார்த்து வாந்திபேதி ஒதுங்கவில்லை. தெய்வக் குற்றம் என்றார்கள், கெட்ட காற்று என்றார்கள்.

தண்ணீர்தான் காரணம் என்று காட்டியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. 1854இல் பிராட் தெருவில் ஒரு அடிபம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருப்பதை அவர் வரைபடமாக்கினார். பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில், மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவால் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனா நகரம் ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்னும் அழுக்கான நீரையே எடுத்துக் குடித்தது. ஆனாலும் பெரிய அளவில் தப்பித்தது. காரணம், அது நீரை மணல் வடிகட்டியில் விட்டுத்தான் குடித்தது. மணல் துகள்களின் மேல் படியும் உயிர்ப்படலம் கிருமிகளைப் பிடித்து அழிக்கிறது.

திருச்சிக்கு 1866இல் நகராட்சி வந்தது. குழாய்த் தண்ணீர் வந்தபோது பொறியாளர்கள் காவிரி மணலையே நம்பினார்கள். கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையம் இன்றும் வேலை செய்கிறது. ஆற்றுப் படுகைக்குள் ஆழமான கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து நாலாபுறமும் துளையிட்ட குழாய்களை மணலுக்குள் செலுத்துகிறார்கள். ஆற்று நீர் பல அடி மணலில் ஊறி, வடிந்து, தெளிந்து கிணற்றுக்குள் சேருகிறது. அதில் குளோரின் கலந்து மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றுகிறார்கள்.

சேரிப் பெண்கள் கொட்டாங்குச்சியோடு உட்கார்ந்து தோண்டிய அதே ஊற்றுதான் இது. சிமெண்டும் மோட்டாரும் சேர்ந்தால் அதன் பெயர் நீர் சேகரிப்புக் கிணறு. கிணறு மறுக்கப்பட்டவர்கள் தங்கள் தேவையால் கண்டுகொண்டிருந்த உண்மை, நல்ல தண்ணீருக்கு மந்திரம் வேண்டாம், மணல் போதும் என்பது. ஆற்றங்கரை மக்கள் எல்லோரும் ஊற்று தோண்டியிருக்கிறார்கள், அது எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நான் சொல்லவில்லை. வேறு வழியே இல்லாமல் அதையே நம்பியிருந்தவர்கள் நாங்கள்.

இன்று அந்த மணலையும் அள்ளி விற்றுவிட்டார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துப் போனபோது, மணல் கொள்ளையால் ஆற்றின் படுகை தாழ்ந்ததும் ஒரு காரணம் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் விவசாயிகளும் சொன்னார்கள். அணை திரும்பக் கட்டப்பட்டது. வடிகட்டியாக இருந்த மணலை யார் திரும்பக் கொண்டுவருவது?

நூற்றெட்டுக் குடங்கள்

குழாய் வந்ததும் சாதி போய்விட்டதா? குழாய்க்குள் ஓடும் நீரில் தீட்டுப் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆகவே, குழாய் எந்தத் தெரு வரை வரவேண்டும், பொதுக் குழாயை எந்த முனையில் நட வேண்டும் என்பதில் சாதி புகுந்துகொண்டது.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச்சாலையிலும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 'பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம்' என்பதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தனிக் கிணறுகள் வெட்டிக் கொடுத்தது. தாகத்தில் இருந்தவர்களுக்கு அது உதவி, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் பொதுக் கிணறு என்றது, நிர்வாகம் தனிக் கிணறு வெட்டியது. ஆதிக்க சாதியோடு மோதுவதைவிடச் சேரிக்குள் ஒரு குழி தோண்டுவது அரசுக்கு எளிதாக இருந்தது. அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

மேற்கே, கொலாபா மாவட்டம் மகாடில், 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நகராட்சி அந்தக் குளத்தை ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது, ஆனால் யாரும் போக முடியாத நிலை. குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் மீது தாக்குதல் நடந்தது. பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நூற்றெட்டு மண்குடங்களில் குளத்து நீரை எடுத்து, அதில் மாட்டுச் சாணம், மூத்திரம், பால், தயிர் கலந்து, மந்திரம் சொல்லி மீண்டும் குளத்தில் ஊற்றினார்கள்.

சுகாதாரப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு நிகழ்வை வகுப்பில் சொன்னால் போதும். மனிதர் குடித்த நீர் கெட்டுவிட்டதாம். சாணம் கரைத்ததும் சுத்தமாகிவிட்டதாம். லோகசாரங்கரின் படித்துறைக்கும் மகாடு குளத்துக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. ஜான் ஸ்நோவும் கோக்கும் வந்துபோய்விட்டார்கள். விதி அப்படியே இருந்தது. மகாடு வழக்கு 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் நம் பக்கம் தீர்ந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்.

1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சமூக உரிமை மறுப்புகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லி எல்லோருக்கும் திறந்தது. படித்துறை என்ற சொல் அரசமைப்புச் சட்டத்தில் இடம்பிடிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டே அம்மா மண்டபத்தின் படிகளில் இறங்குவேன்.

அழுக்கு எங்கே போகிறது?

குடிதண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கழிவுநீரைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டும் ஒரே வட்டம். நகரத்துக்குள் எத்தனை குடம் போகிறதோ, ஏறக்குறைய அத்தனை குடம் அழுக்காக வெளியே வந்தாக வேண்டும். அதை யார் எடுப்பது, யார் வீட்டுப் பக்கம் விடுவது?

நகராட்சிகள் பிறந்தபோதே இதற்கு விடை தயாராக இருந்தது. சுகாதாரம் என்ற பெயரில் எடுப்புக் கக்கூஸ்கள் வந்தன. அவற்றை அள்ள அருந்ததியர், பறையர் உள்ளிட்ட சாதிகளிலிருந்தே ஆள் எடுத்தார்கள். 'தோட்டி' என்பது நகராட்சியின் வேலைப் பெயராக எழுதப்பட்டது. வேலையை விட்டு நின்றால் தண்டனை என்ற விதிகள் இந்திய நகராட்சிச் சட்டங்களில் இருந்ததை அம்பேத்கர் எடுத்துக் காட்டியிருக்கிறார். கிராமத்தில் வழக்கமாக இருந்ததை நகரத்தில் சம்பளப் பட்டியலாக மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பிறகு பாதாளச் சாக்கடை வந்தது. திருச்சியின் கழிவுநீர் நெடுங்காலம் குழாய் வழியாகப் பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையக் குளங்களுக்குப் போனது. அங்கே வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் நாள்கணக்கில் வேலை செய்து அழுக்கைச் சிதைத்தன. நல்ல முறைதான். ஆனால் குழாயில் சேராத கழிவு உய்யக்கொண்டானிலும் கோரையாற்றிலும் கலக்கிறது. நகரத்தின் குப்பையோ பல பத்தாண்டுகளாக அரியமங்கலத்தில் நாற்பது ஏக்கருக்கு மேல் மலையாகக் குவிந்தது. அந்தப் பக்கத்து மக்கள் புகையைச் சுவாசித்து, கெட்டுப்போன நிலத்தடி நீரோடு வாழ்ந்தார்கள். குப்பைக்கிடங்குக்கு இடம் தேடும்போது எந்த நகரமும் அக்ரகாரத்துப் பக்கம் தேடியதில்லை.

குழாய் அடைத்துக்கொண்டால் மனிதன் இறங்குகிறான். பாதாளச் சாக்கடையில் தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. ஆபத்து போய்விட்டதென்று நினைக்கும்போதுதான் ஓரிரு மூச்சில் ஆள் சாய்கிறான். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவனும் சாய்கிறான். அதனால்தான் மலக்குழி மரணச் செய்திகளில் அடிக்கடி இரண்டு பேர், மூன்று பேர் என்று வருகிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்சநீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. சாவு நிற்கவில்லை. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தரும் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. 'சமூகநீதி மண்' என்று மேடையில் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

இது வறுமை சார்ந்த வேலை, சாதி சார்ந்தது இல்லை என்று வாதிடுகிறவர்களுக்கு, ஒன்றிய அரசே 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் எடுத்த கணக்கு இருக்கிறது. 2024இல் வெளியான விவரப்படி, பதிவு செய்யப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்.

2016இல் தூய்மை நகரங்களுக்கான தேசியப் பட்டியலில் திருச்சி மூன்றாம் இடம் பிடித்தது. நானும் இந்த மாவட்டத்துக்காரன், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையில் பங்கு யாருக்கு? விடியற்காலை நான்கு மணிக்குத் துடைப்பத்தோடு வரும் ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த மூன்றாம் இடத்தால் வேலை நிரந்தரமாகிவிடவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டித் திருச்சியின் குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, சமுதாயக் கழிப்பறைகளைத் தாங்களே கட்டணம் வாங்கி, கணக்கெழுதி, பராமரித்துக் காட்டினார்கள். பிற மாநிலங்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து பார்த்துப் போனார்கள். நகரத்தைச் சுத்தமாக்கும் அறிவு யாரிடம் இருக்கிறது என்பதற்கு அது சான்று. அள்ளுவதற்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டவர்கள், திட்டமிடும் மேசைக்கு எங்களைக் கூப்பிட்டதில்லை.

புனிதம் ஆற்றைக் காப்பாற்றியதா என்பதையும் பார்க்க வேண்டும். ஐப்பசி மாதம் அம்மா மண்டபத்திலிருந்து தங்கக் குடத்தில் யானை மேல் பெருமாளுக்குத் திருமஞ்சன நீர் போகிறது. மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடங்களில் போகிறது. பக்தியை நான் பழிக்கவில்லை. ஆனால் தங்கக் குடத்தில் மொள்ளும் அதே துறையில்தான் திதி கொடுத்தவர்கள் விட்ட பழந்துணியும், பிளாஸ்டிக் பையும், மாலைகளும் மிதக்கின்றன. ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் கரையைப் போய்ப் பாருங்கள். காவிரி புனிதமானவள், அவளை எதுவும் அசுத்தப்படுத்தாது என்ற நம்பிக்கைதான் எதையும் அவள் மேல் வீசத் தைரியம் தருகிறது. வீசியதை அள்ள வருகிறவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே சாயக் கழிவும் நகரங்களின் சாக்கடையும் கலந்துதான் காவிரி இங்கே வருகிறது. மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையான காவிரியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் வைத்தது. கரையில் நிற்பவனைக் கல்லால் அடித்து விரட்டிய சமூகத்துக்கு, ஆற்றில் விஷம் விட்டவர்கள் மேல் எறிய ஒரு கல்லும் கிடைக்கவில்லை.

தனித் தொட்டி

திருச்சியிலிருந்து தெற்கே சற்றுத் தூரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. குடிதண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். டிசம்பர் 26 அன்று மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மனித மலம் கிடந்தது. அந்தத் தொட்டி தலித் குடும்பங்களுக்கென்று இருந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும், அய்யனார் கோயிலில் தலித்துகளுக்குத் தடையையும் கண்டார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அந்த ஊர்த் தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. ஊர் மக்களும் தலித் அமைப்புகளும் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள்.

வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். நான் கேட்பது தொட்டியைப் பற்றி. ஒரு சிறிய ஊரில் தலித்துகளுக்குத் தனித் தொட்டி ஏன் இருந்தது? 1920களில் தொழிலாளர் துறை வெட்டிய தனிக் கிணற்றின் பேரன்தான் இந்தத் தொட்டி. ஊர் முழுவதும் குடிக்கும் தொட்டி என்றால் அதற்கு ஊரே காவல். தனித் தொட்டியின் மீது ஏறுகிறவனுக்கு, இதைக் குடிப்பவர்கள் யார் என்று முன்பே தெரியும். பிரித்துக் கொடுத்த தண்ணீர் பாதுகாப்பில்லாத தண்ணீர்.

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்தும் நீரை அசுத்தப்படுத்துவதை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு குற்றமாகவே எழுதிவைத்திருக்கிறது. நடக்காத ஒன்றைச் சட்டத்தில் எழுதமாட்டார்கள்.

நகரத்தில் நிலைமை வேறு மாதிரி. 2025 ஏப்ரலில் உறையூரின் சில தெருக்களில் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது. இறப்புகளும் நேர்ந்தன. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்ததுதான் காரணம் என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். மாநகராட்சி மறுத்தது. திருப்பாணாழ்வாரின் ஊர் அது.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தில் நல்ல தண்ணீராக இருந்தால் மட்டும் போதாது. நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில், மீதி நேரம் குழாய் காலியாக, அழுத்தமில்லாமல் இருக்கும். அப்போது விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுபடும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது அதுதான் முதல் குடத்தில் வரும். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடும் குறுகலான சந்துகளிலும், கடைசி முனை வீடுகளிலும் இந்த ஆபத்து அதிகம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் அதை யாராவது வந்து சோதித்துப் பார்த்த நினைவு உண்டா?

நம் கோரிக்கைகள் கடினமானவை இல்லை. தெருவாரியாக, காலனியும் சேர்த்து, குளோரின் அளவையும் கிருமிச் சோதனை முடிவையும் மாதந்தோறும் வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஓர் ஊருக்கு ஒரே தொட்டி என்று அரசு முடிவெடுக்கட்டும். உய்யக்கொண்டானில் கலக்கும் ஒவ்வொரு சாக்கடையையும் அடையுங்கள். மணலைத் தொடாதீர்கள். மனிதனைச் சாக்கடையில் இறக்கினால், இறக்கிய ஒப்பந்தக்காரரோடு சேர்த்து வேலை கொடுத்த அதிகாரியும் கைதாக வேண்டும். தூய்மைப் பணியை நிரந்தர வேலையாக்குங்கள். அப்போது அதற்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வருவார்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கு அரசாணை தேவையில்லை. உங்கள் தெருவில் சாக்கடை அடைப்பு எடுத்துவிட்டு நிற்பவர் தண்ணீர் கேட்டால் எதில் கொடுக்கிறீர்கள்? பல வீடுகளில் பழைய பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் கேட்டுக்கு வெளியே கையை ஏந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன். என் அப்பாயியின் குடத்துக்கு ஊற்றியதும் அப்படித்தான். அடுத்த முறை, உங்கள் வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்கும் சொம்பில், கையில் கொடுங்கள். கை கழுவச் சோப்பும் கொடுங்கள். தீட்டுக்காக இல்லை, கிருமிக்காக.